கதைகளை ஒன்றாக்கிவிடாதீர்கள்: குர்ஆன் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

குர்ஆன் வகுப்பு எடுக்கும் உஸ்தாதுமார்களுக்கும், மதரஸா பிள்ளைகளுக்காக நபிமார்கள் வரலாற்றுப் பாடம் எழுதும் ஆலிம்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே கோரிக்கை. பல சூராக்களில் (குர்ஆன் அத்தியாயங்களில்) வரும் ஒரு நபியின் வரலாற்றை ஒரே கதையாகச் சேர்த்து எழுதி, அதை மட்டுமே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். எந்த சூரா அந்த வரலாற்றில் எதை எடுத்துச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அதை ஏன் அந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதையும் பாடமாக்குங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மூஸா (அலை) பாடம் என்றால் பேழையில் வைத்து ஆற்றில் விட்டதில் தொடங்கி, மத்யன், தூர் மலை, கைத்தடி, சூனியக்காரர்கள், கடல் பிளந்தது என்று வரிசையாகப் போய் முடியும். பரீட்சையில் அதையே கேட்கிறோம், பிள்ளைகளும் சரியாக எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அதே பிள்ளை கொஞ்சம் வளர்ந்து குர்ஆனைப் பொருளோடு ஓத உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இது அல்அஃராஃப் சூராவிலேயே வந்துவிட்டதே, மறுபடியும் ஏன் வருகிறது?" என்பதுதான். வகுப்பில் இந்தக் கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். "மனசில் நன்றாகப் பதியட்டும் என்பதற்காக" என்பதுதான் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பொய்யில்லை, ஆனால் போதாது. பதிய வைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அதே வார்த்தைகளில் அதே அளவில் சொன்னாலே பதிந்துவிடும். குர்ஆன் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் தொடங்கும் இடம் மாறுகிறது, நிறுத்தும் இடம் மாறுகிறது, பேசுபவர்கூட மாறுகிறார்.

யூனுஸ் சூராவைப் பாருங்கள். எகிப்தின் அரசன் ஃபிர்அவ்ன் மூழ்கிச் சாகும் நேரத்தில் ஈமான் (நம்பிக்கை) கொண்டதாகச் சொல்லும் காட்சி அங்கேதான் விரிவாக வருகிறது. இஸ்ரவேலர்கள் நம்புகிறவனைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று நானும் நம்புகிறேன் என்கிறான். "இப்போதுதானா?" என்று பதில் வருகிறது (10:91, அதாவது 10ஆவது சூராவின் 91ஆம் வசனம்). வேறு பல சூராக்களில் ஃபிர்அவ்ன் மூழ்கியது சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அவனுடைய அந்தக் கடைசிப் பேச்சு அங்கெல்லாம் இல்லை. அப்படியென்றால் இங்கே மட்டும் அது ஏன்?

சூராவை முதலிலிருந்து ஓதிவந்தால் விடை கிடைத்துவிடும். 22ஆம் வசனத்தில் ஒரு கப்பல் போகிறது. காற்று நன்றாக வீசும்போது பயணிகள் மகிழ்கிறார்கள். புயல் அடித்து நாலா பக்கமும் அலை சூழ்ந்ததும் அல்லாஹ்வை மட்டுமே அழைத்து, காப்பாற்றினால் நன்றியோடு இருப்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கரை ஏறியதும் பழையபடி அக்கிரமம் செய்கிறார்கள். பிறகு 51ஆம் வசனம். வேதனை எப்போது வரும் என்று அவசரப்படுத்தும் மக்காக்காரர்களைப் பார்த்து, அது வந்து விழுந்த பிறகா நம்பப் போகிறீர்கள், இப்போதுதானா என்று கேட்கிறது. அந்தக் கேள்வி ஓதுபவர் காதில் இருக்கும்போதே 40 வசனம் தள்ளி ஃபிர்அவ்ன் தண்ணீரில் தத்தளிக்கிறான். அவனுக்கும் அதே கேள்விதான் போடப்படுகிறது. கடலும் அலையும் நாம் முன்னமே பார்த்தவை, கேள்வியும் முன்னமே கேட்டது. கொஞ்ச தூரத்தில் 98ஆம் வசனம் வருகிறது. காலம் கடப்பதற்குள் நம்பி, அந்த நம்பிக்கை பலன் தந்த ஒரே ஊராக யூனுஸ் நபியின் சமுதாயத்தைச் சொல்கிறது. சூராவின் பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

ஆக, தாமதமாக வரும் நம்பிக்கையைப் பற்றி ஒரு சூரா முழுக்கப் பேசிக்கொண்டு வருகிறது. மூஸா நபியின் நீண்ட வரலாற்றில் அதற்கு உரிய கட்டம் எதுவோ அது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வசனங்களைப் பிய்த்து எடுத்து, கடல் பிளந்த அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் நாம் வைத்துவிடுகிறோம். தகவல் அப்படியே இருக்கிறது. ஆனால் கப்பலும் போய்விட்டது, 51ஆம் வசனத்தின் கேள்வியும் போய்விட்டது, யூனுஸ் நபியின் ஊரும் போய்விட்டது. பிள்ளைக்குக் கிடைப்பது கெட்ட அரசன் மூழ்கிச் செத்த செய்தி மட்டும்.

அல்கஸஸ் சூரா இன்னொரு வகை. மூஸா நபியின் குழந்தைப் பருவம் தாஹா சூராவிலும் வருகிறது, அல்கஸஸிலும் வருகிறது. தாஹாவில் அதைச் சொல்பவன் அல்லாஹ், கேட்பவர் மூஸா நபியே. ஃபிர்அவ்னிடம் போ என்ற கட்டளை கிடைத்திருக்கிறது. என் நெஞ்சை விரிவாக்கு, நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, என் சகோதரரைத் துணையாகத் தா என்று அவர் கேட்டிருக்கிறார். கேட்டது கிடைத்தது என்ற உடனேயே, இதற்கு முன்னும் ஒருமுறை உனக்கு அருள் செய்திருக்கிறோமே என்று தொடங்கி, பேழையும் ஆறும் தாயும் சகோதரியும் சில வசனங்களில் சொல்லி முடிக்கப்படுகின்றன. பயந்து நிற்கும் ஒருவருக்கு அவருடைய பழைய வாழ்க்கையையே நினைவுபடுத்தித் தைரியம் சொல்லும் இடம் அது. அங்கே சுருக்கமாகச் சொன்னால்தான் பொருந்தும்.

அல்கஸஸில் அந்தத் தாய் நடுவில் வந்துவிடுகிறார். பால் கொடு, பயம் வந்தால் ஆற்றில் போட்டுவிடு, அஞ்சாதே, கவலைப்படாதே, அவனை உன்னிடமே திருப்பித் தருவோம் என்று அவருக்கு அறிவிக்கப்படுகிறது (28:7). அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டதையும், உண்மையை வெளியே சொல்லிவிடும் நிலைக்கு அவர் போனதையும், சகோதரி யாருக்கும் தெரியாமல் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே போனதையும் நின்று நிதானமாகச் சொல்கிறது. வாக்களித்தபடி பிள்ளை தாயிடம் திரும்பி வருகிறது (28:13). பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து, ஊரைவிட்டே ஓட வேண்டி வந்து, மத்யனில் ஆண்டுக்கணக்காக இருந்து, மறுபடி எகிப்துக்குத் திரும்புகிறார்.

இவ்வளவும் சொன்ன சூரா முடியும் இடத்துக்குப் போங்கள். 85ஆம் வசனத்தில் முஹம்மது நபி (ஸல்) அவர்களைப் பார்த்து, உம்மீது இந்தக் குர்ஆனை விதித்தவன் உம்மைத் திரும்பும் இடத்துக்கே திருப்பிக் கொண்டுவருவான் என்று சொல்லப்படுகிறது. திரும்பும் இடம் என்பது மக்காதான் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கம் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. மூஸாவின் தாய்க்குக் கொடுத்த வாக்கும் நபிகளாருக்குக் கொடுத்த வாக்கும் ஒரே சொல்லால் ஆனவை. முதல் வாக்கு எப்படி நிறைவேறியது என்று சூரா முழுக்கக் காட்டிவிட்டு, இரண்டாவதைக் கடைசியில் வைக்கிறது. பிறந்த ஊரை இழக்கப்போகும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்க முடியும்? நபிமார்கள் வரலாற்றுப் புத்தகத்தில் 7ஆம் வசனமும் 13ஆம் வசனமும் இருக்கும். 85ஆம் வசனம் இருக்காது, ஏனென்றால் அதில் மூஸா நபி இல்லை.

அந்த முதல் கேட்பாளரை நாம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். குர்ஆன் 23 ஆண்டுகளில் இறங்கியது. அதன் வரலாறுகள் மக்காவில் ஏச்சும் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம், அந்தந்த நாளின் தேவைக்கு ஏற்ப வந்தவை. தூதர்களின் செய்திகளில் உம்முடைய உள்ளத்தை எதைக்கொண்டு உறுதிப்படுத்துகிறோமோ அவற்றை உமக்குச் சொல்கிறோம் என்று ஹூத் சூரா தானே காரணம் சொல்கிறது (11:120). ஃகாஃபிர் சூராவில் வரும் அந்த முஃமினை (நம்பிக்கையாளரை) எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிர்அவ்னின் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஈமானை மறைத்து வைத்திருந்தவர். மூஸாவைக் கொல்ல விடுங்கள் என்று ஃபிர்அவ்ன் சொன்னதும் எழுந்து, "என் இறைவன் அல்லாஹ் என்று சொல்வதற்காகவா ஒரு மனிதரைக் கொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார். மூஸா நபியின் வரலாறு வரும் வேறு எந்த சூராவிலும் இவர் இல்லை. மக்காவில் நபிகளார் தொழுதுகொண்டிருந்தபோது உக்பா பின் அபீ முஐத் துணியைக் கழுத்தில் போட்டு இறுக்கினான், அபூபக்ர் (ரலி) ஓடிவந்து அவனைத் தள்ளிவிட்டு இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்ற அறிவிப்பும் புகாரியில் இருக்கிறது. ஒவ்வொரு சமுதாயமும் தன் தூதரைப் பிடிக்கத் திட்டம் போட்டது என்று ஃகாஃபிர் 5ஆம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறது. கொலைத் திட்டத்தைப் பற்றிப் பேசும் சூராவில் அதைத் தடுக்க எழுந்த மனிதர் வருகிறார். அவருக்காக 28ஆம் வசனத்திலிருந்து 45 வரை இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூஸா நபியேகூட அங்கே கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார். நம் பாடநூல்களில் இவருக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ்களுக்கு இந்த வேறுபாடுகள் வேறு வழியில் பழக்கம். ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹில் அல்அஃராஃபை ஓதிக்கொண்டிருப்பவர் சூனியக்காரர்கள் கட்டத்தில் தன்னை அறியாமலே அஷ்ஷுஅரா சூராவுக்குப் போய்விடுவதும், பின்னால் நிற்பவர் எடுத்துக்கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. தடுமாறக்கூடாது என்று அந்த இடங்களைப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டி மனனம் செய்ய வைக்கிறோம். அதே நேரத்தில் அந்த வித்தியாசம் ஏன் என்று ஒரு நிமிடம் பேசினால் என்ன?

ஒன்றை மட்டும் காட்டுகிறேன். கைத்தடி பாம்பானதைப் பார்த்ததும், இவர் திறமையான சூனியக்காரர் என்று சொல்வது யார்? அல்அஃராஃபில் ஃபிர்அவ்னின் சமுதாயத்துத் தலைவர்கள் (7:109). அஷ்ஷுஅராவில் ஃபிர்அவ்ன் தன்னைச் சுற்றியிருந்த தலைவர்களிடம் சொல்கிறான் (26:34). அவன் சொல்ல, அவர்கள் அதையே திருப்பிச் சொல்லியிருப்பார்கள். அரசவையில் அதுதான் நடக்கும். ஆனால் அல்அஃராஃப் தலைவர்களின் வாயை எடுத்துக்கொண்டது ஏன்? அந்த சூராவில் முன்னால் வந்த நபிமார்களைப் பாருங்கள். நூஹ் நபிக்கு எதிராகப் பேசியவர்கள் தலைவர்கள். ஹூத், ஸாலிஹ், ஷுஐப் ஆகியோருக்கு எதிராகவும் தலைவர்களே பேசுகிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் எப்படி ஒரு சமுதாயத்தையே கெடுத்துவைக்கிறார்கள் என்பதை அல்அஃராஃப் வரிசையாகக் காட்டிக்கொண்டு வருகிறது. எகிப்துக்கு வரும்போதும் அதே கூட்டத்தைத்தான் பேச வைக்கிறது. அஷ்ஷுஅராவிலோ காட்சி முழுக்க ஃபிர்அவ்னுக்கும் மூஸா நபிக்கும் நேருக்கு நேர் நடக்கும் வாதம். உன்னைக் குழந்தையாக எங்களிடம் வைத்து வளர்க்கவில்லையா என்று அவன் கேட்கிறான், அகிலத்தாரின் இறைவன் என்றால் என்ன என்கிறான், பதில் சொல்லச் சொல்லக் கோபம் ஏறுகிறது, சிறையில் போடுவேன் என்கிறான். அவ்வளவு பேசியவன் அடுத்த வார்த்தையையும் தானே பேசுவதுதான் இயல்பு. சேர்த்து எழுதும்போது ஆசிரியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மற்றது விடுபட்டுப் போகிறது.

நம் முன்னோர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஹிஜ்ரி 276இல் இறந்த அறிஞர் இப்னு குதைபா, வரலாறுகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற கேள்வியை நேராகவே எடுத்துப் பேசியிருக்கிறார். வெவ்வேறு கோத்திரங்களிலிருந்து தூதுக்குழுக்கள் வந்தன, அவர்களுக்குக் குர்ஆனின் சில பகுதிகள் ஓதிக்காட்டப்பட்டன, தூரத்தில் இருந்த கோத்திரங்களுக்குத் தனித்தனி சூராக்கள் போய்ச் சேர்ந்தன, வரலாறுகள் பல இடங்களில் இல்லாவிட்டால் ஒரு கூட்டத்துக்கு மூஸா நபி மட்டும் கிடைத்திருப்பார், இன்னொரு கூட்டத்துக்கு நூஹ் நபி மட்டும் கிடைத்திருப்பார் என்பது அவர் சொன்ன காரணம். அச்சுப் புத்தகம் இல்லாத காலத்து நடைமுறையைத் தெரிந்தவர் சொன்ன அருமையான பதில் அது. ஏன் பல இடங்களில் என்பதற்கு அது விளக்கம். ஏன் வேறுவேறு விதமாக என்பதற்கு வேறு அறிஞர்கள் உழைத்தார்கள். ஹிஜ்ரி 403இல் இறந்த பாகில்லானி, ஒரே வரலாற்றை வெவ்வேறு சொற்களில் சொல்லி எல்லா இடத்திலும் பொருளும் அழகும் குறையாமல் இருப்பதையே குர்ஆனின் ஈடிணையற்ற தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். ஒத்த வசனங்களுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாடுகளை விளக்குவதற்கென்றே அல்கதீப் அல்இஸ்காஃபி தனி நூல் எழுதினார். இப்படி ஒரு கல்வி நம்மிடமே இருக்கிறது. உயர்வகுப்பு ஆலிம்கள் மட்டும் படிப்பதற்காக அதைப் பூட்டி வைக்க வேண்டுமா?

சின்னப் பிள்ளைகளுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகச் சொன்னால்தானே புரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரிசை தெரிய வேண்டும், மறுக்கவில்லை. ஒரு பக்கத்தில் கால வரிசையைக் கொடுத்துவிடுங்கள், போதும். ஆனால் வரிசையாகச் சொல்வதுதான் கதை சொல்லும் ஒரே முறை என்ற எண்ணத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடாதீர்கள். வரிசையாகச் சொல்லும் முறையைக் குர்ஆன் தானே யூசுஃப் சூராவில் எடுத்துக்கொண்டது. சிறுவன் கண்ட கனவில் தொடங்கி, அந்தக் கனவு பலித்துப் பெற்றோரும் சகோதரர்களும் முன்னால் நிற்கும்வரை ஒரே ஓட்டமாகப் போகிறது. யூசுஃப் நபியின் வரலாறு வேறு எங்கும் திரும்பச் சொல்லப்படவில்லை, பெயர் மட்டும் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. அப்படியானால் மூஸா நபியின் வரலாறு பிரிந்து பிரிந்து வருவது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. அதைச் சரிசெய்ய வேண்டிய குறையாக நாம் நடத்தக்கூடாது.

சேர்த்து எழுதுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி வரும். அதை நிரப்ப வேண்டியிருக்கும். ஆதாரம் தெரியாத செய்திகள் நுழைவதே அந்த வழியாகத்தான். நூஹ் நபியின் கப்பல் எத்தனை முழம், என்ன மரம், எந்த மிருகம் முதலில் ஏறியது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அல்கமர் சூரா அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்வது பலகைகளும் ஆணிகளும் கொண்டது என்பது மட்டுமே (54:13).

நூஹ் நபியின் பெயரிலேயே இருக்கும் 71ஆவது சூராவில் கப்பலே கிடையாது, தெரியுமா? அங்கே இருப்பது ஓர் அழைப்பாளரின் முறையீடு. இரவும் பகலும் அழைத்தேன், அழைக்க அழைக்க ஓடினார்கள், காதில் விரலை வைத்துக்கொண்டார்கள், துணியால் மூடிக்கொண்டார்கள், உரக்கவும் சொன்னேன், இரகசியமாகவும் சொன்னேன் என்கிறார். மூழ்கடிக்கப்பட்டது ஒரே வசனத்தில் முடிகிறது. ஹூத் சூராவில் அவர் ஒரு தகப்பன். மலைபோன்ற அலைகளுக்கு நடுவே மகனைக் கூப்பிடுகிறார், அவன் மலையில் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்கிறான், இருவருக்கும் நடுவில் அலை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும், அவன் என் குடும்பத்தைச் சேர்ந்தவன்தானே என்று அல்லாஹ்விடம் கேட்கிறார். அவர் தம் மக்களிடையே ஆயிரம் ஆண்டுகளில் ஐம்பது குறைய இருந்தார் என்ற கணக்கு அல்அன்கபூத் சூராவில் மட்டும் வருகிறது (29:14). ஈமான் கொண்டோம் என்று சொன்னால் மட்டும் சோதிக்கப்படாமல் விட்டுவிடுவார்கள் என்று மனிதர்கள் நினைத்துக்கொண்டார்களா என்று கேட்டுத் தொடங்கும் சூரா அது. பொறுமை இழந்துகொண்டிருந்த மக்காவின் முஸ்லிம்களுக்கு 950 ஆண்டு என்ற எண் அங்கே என்ன சொல்லியிருக்கும் என்று பிள்ளைகளையே யோசிக்கவிடுங்கள். அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதை எழுதும்போது, ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமை உரை) செய்யும் உங்களில் பலரையும் நினைத்துக்கொள்கிறேன். அந்நாஸிஆத் சூராவில் மூஸா நபியின் பெயர் வந்ததும் பேழையிலிருந்து தொடங்கிவிடாதீர்கள். அங்கே இருக்கும் 12 சிறு வசனங்கள் போதும். நான்தான் உங்களுடைய மிக உயர்ந்த இறைவன் என்று ஒருவன் கத்துகிறான், பிடிபடுகிறான், உடனே பேச்சு வானத்துக்குத் தாவுகிறது. உங்களைப் படைப்பது கடினமா, வானத்தைப் படைப்பதா என்று கேட்கிறது. ஃபிர்அவ்னின் அந்தக் கத்தலுக்கும் வானத்துக்கும் நடுவில் நாம் ஏன் போய் நிற்க வேண்டும்?

அடுத்த பதிப்புக்குச் செய்யக்கூடிய வேலையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் முதலில் மனனம் செய்வது முப்பதாவது ஜுஸ்உ (குர்ஆனின் கடைசிப் பாகம்). அந்நாஸிஆத் அதில்தான் இருக்கிறது, அநேகமாக அவர்கள் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கிறது. மூஸா நபியின் முதல் பாடமாக அதையே வையுங்கள். பொருள் சொல்லுங்கள், அதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டாவது பாடம் யூனுஸாக இருக்கலாம், மூன்றாவது அல்கஸஸ். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அல்அஃராஃபையும் அஷ்ஷுஅராவையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாக அச்சடித்து, என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேள்வித்தாளில் "மூஸா (அலை) வரலாற்றைச் சுருக்கி எழுதுக" என்பதை எடுத்துவிட்டு, "ஃபிர்அவ்ன் கடைசியில் பேசியது யூனுஸ் சூராவில் ஏன் வருகிறது?" என்று கேளுங்கள். விடை எழுதப் பிள்ளை சூரா முழுவதையும் ஓதியாக வேண்டும். இப்படி ஒரு பாடத்தை எழுதிப் பார்க்க நீங்கள் முன்வந்தால், வசனங்களை ஒப்பிட்டு எடுத்துத்தரும் வேலையில் கூட இருக்க நான் தயார்.

வஸ்ஸலாம்.
உங்களைப் போலவே குர்ஆன் வகுப்பு எடுக்கும் ஒருவர்